வருகைப் பதிவேட்டில் ஒரு வரலாறு: நம் பிள்ளைகளுக்குப் பெயர் வந்த கதை



"டீச்சர், பரிசு வாங்க மேடைக்குக் கூப்பிடும்போது என் பேரை மட்டும் வாசிங்க. அப்பா பேரு வேணாம்."

படிவம் நான்கில் படிக்கும் ஒரு மாணவி என்னிடம் கேட்டது இது. பரிசளிப்பு விழாவுக்கு முதல் நாள் ஒத்திகை. பெயர்ப் பட்டியல் என் கையில் இருந்தது. அவள் பெயர், அதன் பிறகு 'ஏ/பி', அதன் பிறகு 'குப்பன்'. முழுப் பெயரையும் வாசித்தேன். பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. சிரித்தவர்கள் மலாய் மாணவர்களோ சீன மாணவர்களோ இல்லை. அவர்களுக்கு அந்தப் பெயரில் சிரிக்க எதுவும் இல்லை. சிரித்தவர்கள் நம் பிள்ளைகள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: என் உதட்டிலும் ஒரு நொடி புன்னகை வந்தது. அதை அந்த மாணவி பார்த்துவிட்டாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தமிழ் சொல்லிக் கொடுக்கிறோம், இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்று பாடம் நடத்துகிறோம். ஆனால் பதிவேட்டில் நாள்தோறும் வாசிக்கிற பெயர்களுக்கு என்ன காரணம் என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறோமா? அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் இந்தக் கட்டுரை. மலேசியத் தமிழ்ப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளுக்கு எப்படிப் பெயர் தேர்ந்தெடுத்தார்கள், அந்தத் தேர்வு காலத்துக்குக் காலம் ஏன் மாறியது என்பதைச் சேர்ந்து பார்ப்போம் வாங்க.

1. 'பேரன்' என்ற சொல்லுக்குள் ஒரு வழக்கம்

மகனுக்கு மகனை நாம் 'பேரன்' என்கிறோம். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? 'பெயரன்' என்பதே பேச்சில் 'பேரன்' ஆனது. தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் பெயரன். 'பெயர்த்தி' என்பது 'பேத்தி' ஆயிற்று. உறவுச் சொல்லிலேயே பெயர் வைக்கும் வழக்கத்தைப் பொதித்து வைத்திருக்கிறது நம் மொழி. இதை வகுப்பில் சொல்லிப் பாருங்கள். மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதில் ஒரு சிக்கலும் இருந்தது. அந்தக் காலத்து மருமகள் மாமனாரின் பெயரைச் சொல்லக் கூடாது. சொந்த மகனுக்கே அந்தப் பெயர் என்றால் எப்படிக் கூப்பிடுவாள்? "ராசா", "பெரியவனே", "தம்பி" என்றுதான் கூப்பிடுவாள். வீட்டுக்கு ஒரு பெயர், பதிவுக்கு ஒரு பெயர் என்ற வழக்கம் நம்மிடம் வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் தாத்தாவை ஊரே ஒரு பெயரில் அழைக்க, அடையாள அட்டையில் இன்னொரு பெயர் இருக்கிறதா? அதற்குப் பின்னால் பெயர் சொல்ல முடியாத ஒரு மருமகள் இருந்திருக்கலாம்.

சங்க இலக்கியப் புலவர் பெயர்களைப் பாருங்கள். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். ஊர் மதுரை. அப்பா கணக்காயனார், அதாவது ஆசிரியர். 'மகனார்' என்பது உறவு. நக்கீரனார் என்பது இயற்பெயர். நம் அடையாள அட்டையில் உள்ள 'அனாக் லெலாக்கி' செய்யும் வேலையை அந்த 'மகனார்' அப்போதே செய்திருக்கிறது. குடும்பப்பெயர் என்று தலைமுறை தலைமுறையாக ஒன்றைச் சுமப்பது பெரும்பாலான தமிழர்களிடம் இருந்ததில்லை. நமக்கு உள்ளது ஒரு பெயர்தான். அதைத் தாங்கி நிற்பது தந்தை பெயர்.

2. உரைகல்லில் ஒரு பெயர்

தமிழ்ப் பெயர் இந்தத் தீபகற்பத்துக்கு எப்போது வந்தது? ரப்பர் தோட்டத்தோடு வந்தது என்றுதான் மாணவர்கள் பதில் சொல்வார்கள். அது சரியில்லை.

தென் தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில், கிளோங் தோம் என்ற இடத்தில் ஒரு சிறிய உரைகல் கிடைத்தது. பொன்னை உரசித் தரம் பார்க்கும் கல். அதில் தமிழ்ப் பிராமி எழுத்தில் 'பெரும்பத்தன் கல்' என்ற பொருளில் பொறித்திருக்கிறது. பெரும்பத்தன் என்ற பொற்கொல்லனின் கல். காலம் கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டு. தொழில் செய்ய வந்தவர் தம் கருவியில் பெயரைப் பொறித்து வைத்துக்கொண்டார். பிள்ளைகள் தண்ணீர்ப் போத்தலில் பெயர் எழுதுவது போலத்தான்.

பிறகு மலாக்கா. 1511-இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்தபோது, அங்கிருந்த இந்து வணிகர்களின் தலைவரின் பெயர் நைனா சத்து என்று அவர்களுடைய குறிப்புகள் வழியாக நமக்குத் தெரிகிறது. மலாக்கா செட்டிகள் வீட்டில் மலாய் பேசினாலும், பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கும்போது நம் தெய்வப் பெயர்களைக் கைவிடவில்லை. பேச்சுமொழி போன பிறகும் பெயர் மட்டும் தங்கியது. இதைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

3. சாமியும் ஊரும்

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் பெருந்திரளாக நம் முன்னோர் இங்கு வந்தனர். ஒப்பந்தக்கூலி முறை 1910-இல் முடிவுக்கு வந்தது. கங்காணி முறை 1938 வரை நீடித்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, தென்னாற்காடு, சேலம், திருச்சி, தஞ்சாவூர் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள்.

அவர்கள் கையில் கொண்டு வந்தது ஒரு மூட்டை. பெயரில் கொண்டு வந்தது ஊர்ச் சாமி. அண்ணாமலை, அருணாசலம் என்றால் திருவண்ணாமலைப் பக்கம். ஏகாம்பரம், காமாட்சி என்றால் காஞ்சிபுரம். பச்சையம்மாள் என்றால் வட ஆற்காட்டுப் பச்சையம்மன் வழிபாடு. தையல்நாயகி என்றால் வைத்தீசுவரன்கோயில். சுடலைமுத்து, இசக்கி என்றால் திருநெல்வேலிச் சீமை. சிம்மாசலம் என்று ஒரு பெரியவர் கீழ்ப் பேராக்கில் இருந்தால், அவர் முன்னோர் விசாகப்பட்டினம் பக்கமிருந்து வந்த தெலுங்கர்களாக இருக்கலாம். ஏனென்றால் சிம்மாசலம் அங்குள்ள மலைக்கோயில்.

மாணவர்களே, இங்கே ஓர் எச்சரிக்கை. இதைக் கணக்குச் சூத்திரம் மாதிரிப் பயன்படுத்தாதீர்கள். பழனி, முருகன், மாரியம்மாள் போன்ற பெயர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பெயர் ஒரு தடயம்தான், தீர்ப்பு இல்லை. ஆனால் "எங்க பூர்வீகம் எதுன்னே தெரியாது டீச்சர்" என்று சொல்கிற பிள்ளைக்கு, கொள்ளுப்பாட்டியின் பெயர் ஒரு வழிகாட்டிப் பலகையாக இருக்கக்கூடும்.

4. குப்பனும் சுப்பனும்

இப்போது அந்த மாணவியிடம் திரும்பி வருவோம்.

பரிசளிப்பு விழா முடிந்த சில வாரங்களில் பெற்றோர் சந்திப்பு நாள் வந்தது. அவளுடைய அப்பா வந்திருந்தார். லாரி ஓட்டுகிறார். மகளின் மதிப்பெண்களைப் பற்றிப் பேசி முடித்த பிறகு, தயங்கித் தயங்கி அவர் பெயரைப் பற்றிக் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, சிரித்தார்.

"எனக்கு முன்ன பொறந்த ரெண்டும் தங்கல டீச்சர். நான் பொறந்ததும் எங்கம்மா என்னைய லயத்துக்குப் பின்னால குப்பமேட்டுல போட்டுட்டாங்களாம். பக்கத்து வீட்டு ஆயா தூக்கிட்டு வந்து, 'இந்தா, குப்பையில கெடந்த புள்ள, நீ வளத்துக்க'ன்னு கொடுத்தாங்களாம். அந்தப் பேருதான் உன்னைப் பொழைக்க வச்சதுன்னு எங்கம்மா சாகுற வரைக்கும் சொல்லும்."

மகள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் அன்றுதான் இது தெரியும்.

இது அந்த ஒரு குடும்பத்தின் கதை மட்டும் இல்லை. அடுத்தடுத்துக் குழந்தைகள் இறந்த வீட்டில் அடுத்த குழந்தைக்கு அழகான பெயர் வைக்கப் பயந்தார்கள். எமனோ கண்ணேறோ அதைத் தேடி வந்துவிடும் என்ற பயம். அதனால், இது யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று காட்டும்படி ஒரு பெயர் வைத்தார்கள். குப்பையில் போட்டு எடுத்தால் குப்பன், குப்பம்மாள். தவிட்டுக்கு விற்றுத் திரும்ப வாங்கினால் தவிடன். பிச்சை கேட்டு வாங்கிய பொருளால் காத்தால் பிச்சை, பிச்சைமுத்து. மூக்குக் குத்திக் காத்தால் மூக்கன், மூக்கம்மாள். இழிவு போலக் காதில் விழும் இந்தப் பெயர்கள் தாய்மார் கட்டிய தாயத்து.

அந்தப் பயம் ஆதாரமில்லாத பயமா? இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாத் தோட்டங்களில் மலேரியா ஆட்களை வாரிக்கொண்டு போனது. 1901 முதல் கிள்ளான் வட்டாரத்தில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களை வடியவைத்துக் கொசுவை ஒழிக்கப் பாடுபட்டது மருத்துவ வரலாற்றில் முக்கியமான பக்கம். மருந்தும் மருத்துவச்சியும் எட்டாத லயத்தில் ஒரு தாயின் கையில் இருந்த ஆயுதம் பெயர் ஒன்றுதான். தோட்டங்களில் மருத்துவ வசதி வளர வளர, இப்படிப்பட்ட பெயர்களும் மெல்லக் குறைந்தன. ஒரு சமுதாயத்தின் சுகாதார வரலாற்றைப் பெயர்ப் பட்டியலிலும் படிக்கலாம் என்பது இதனால்தான்.

ஆனால் ஆசிரியர்களாகிய நாம் இதன் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. "குப்பன் சுப்பன் எல்லாம் பேச வந்துட்டான்" என்று ஏளனமாகச் சொல்கிறோமே, அந்தச் சொற்றொடர் எங்கிருந்து வந்தது? தமிழகக் கிராமங்களில் ஒடுக்கப்பட்ட மக்கள் 'சாமி', 'ஐயா' என்று முடியும் மதிப்பான பெயர்களை வைத்துக்கொள்வதை மேல்சாதியார் விரும்பவில்லை. வைத்தாலும் முழுசாகக் கூப்பிட மாட்டார்கள். ராமசாமி 'ராமா' ஆவார், வயது முதிர்ந்த பிறகும் 'டேய்' ஒட்டிக்கொள்ளும். ஆக, ஒரு குப்பனின் பெயருக்குப் பின்னால் தாயின் அன்பு இருக்கலாம், சாதியின் அழுத்தமும் இருக்கலாம். எது என்று அந்தக் குடும்பத்தைக் கேட்டால்தான் தெரியும்.

பெண் பிள்ளைகள் கதை இன்னும் வருத்தமானது. 'வேண்டாம்', 'போதும்பொண்ணு' என்ற பெயர்கள் தமிழகத்தில் உண்டு. அடுத்தது ஆணாகப் பிறக்க வேண்டும் என்ற வேண்டுதலை இந்தப் பெண்ணின் தலையில் எழுதி வைத்தார்கள். இதைத் தாயத்து என்று என்னால் சொல்ல முடியாது. பழையது என்பதற்காக எல்லாவற்றையும் போற்ற வேண்டியதில்லை. ஆனால் வெட்கப்பட வேண்டியது அந்தப் பெயரைச் சுமந்தவர் அல்ல, சுமத்தியவர்கள்.

5. கிராணியின் பேனா

பெற்றோர் பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதுமா? யாரோ ஒருவர் அதை எழுத வேண்டுமே. தோட்டத்தில் அந்த வேலை கிராணியுடையது. செக்ரோலில் பெயர் ஏற வேண்டும், சம்பளம் அதைப் பார்த்துத்தான். பல தோட்டங்களில் கிராணிகள் மலையாளிகளாகவோ யாழ்ப்பாணத் தமிழர்களாகவோ இருந்தனர். எழுதியது ஆங்கிலத்தில். காதில் விழுந்தபடி எழுதினார்கள். பெயருக்குரியவருக்குப் பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் எழுதியது சரியா தவறா என்று பார்க்க ஆள் இல்லை.

இலட்சுமி 'லெட்சுமி' ஆனது இப்படித்தான். தமிழ்ப் பேச்சு வழக்கை அப்படியே கேட்டு எழுதியது அது. இன்றும் அந்த எழுத்துக்கூட்டலைப் பார்த்தால் 'இவங்க மலேசியா' என்று கண்டுபிடித்துவிடலாம். ழகரம் ஒருவர் பெயரில் 'எல்' ஆகும், இன்னொருவர் பெயரில் 'இசட் எச்' ஆகும்.

1948-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பிறகு அடையாள அட்டை கட்டாயமானது. அதுவரை வாயில் வாழ்ந்த பெயர் அட்டையில் உறைந்துபோனது. ஒரே தாய் வயிற்றில் பிறந்த மூன்று பேருக்கு அப்பா பெயர் மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். என் குடும்பத்திலும் உண்டு. தாத்தா இறந்த பிறகு அவர் சேமிப்பை எடுக்கப் போனபோது, பிறப்புப் பத்திரத்தில் உள்ளவரும் இறப்புப் பத்திரத்தில் உள்ளவரும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஓர் எழுத்து கூடியதற்கு என் பாட்டி நான்கு முறை பேருந்து ஏறினார்.

முன்பெல்லாம் பெயருக்கு முன் தலைப்பெழுத்து போடுவோம். 1955 முதல் 1973 வரை ம.இ.கா. தலைவராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் பெயரைப் பாருங்கள். 'வீ' என்பது தந்தை வீராசாமி. மிச்சமுள்ள 'தி. சம்பந்தன்' சேர்ந்தால் திருஞானசம்பந்தன் என்ற அவருடைய சொந்தப் பெயர். ஒரு நாயன்மாரின் பெயரைச் சுங்கை சிப்புட்டில் பிறந்த பிள்ளைக்கு வைத்திருக்கிறார்கள். இன்று தலைப்பெழுத்தின் இடத்தில் 'ஏ/எல்', 'ஏ/பி' நிற்கிறது. சிங்கப்பூரில் ஆங்கில வழக்கில் 'எஸ்/ஓ', 'டி/ஓ' என்று வரும். தந்தை பெயரை முழுசாக எழுதுகிற இந்த முறை வந்ததால்தான் அந்த மாணவி மேடையில் கூசிப்போனாள். அதே முறை இருந்ததால்தான் நான் அந்தக் கதையைக் கேட்கவும் நேர்ந்தது.

பெயரின் பொருள் தெரியாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு இன்னொரு செய்தி. 2006-இல் பிள்ளைகளுக்கு வைக்கத் தகாத பெயர்கள் பற்றி இந்நாட்டில் வெளியான செய்திகளில் கருப்புசாமி என்ற பெயரும் அடிபட்டது. கருப்பு என்றால் நிறம், ஆகவே பிள்ளையை மட்டம் தட்டும் பெயர் என்று அதைப் புரிந்துகொண்டார்கள் போலும். நமக்கோ அது காவல் தெய்வத்தின் பெயர். எல்லையில் அரிவாளோடு நின்று ஊரைக் காக்கிறவர். மற்றவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்த விளக்கத்தைச் சொல்லத் தெரியும்?

6. 1929-க்குப் பின் மாறிய காற்று

அடுத்து ஒரு பெரிய திருப்பம். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் உள்ள சாதிப் பட்டத்தை விட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அதே ஆண்டு டிசம்பரில் பெரியார் மலாயாவுக்குக் கப்பலேறி வந்து, இங்கும் சிங்கப்பூரிலும் கூட்டங்களில் பேசினார். சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் எழுந்தது. 1935-இல் கோ. சாரங்கபாணியின் முயற்சியால் 'தமிழ் முரசு' வெளிவந்தது. 1952-இல் அவர் தொடங்கிவைத்த தமிழர் திருநாள் மலாயாவெங்கும் பரவியது.

இன்னொரு பக்கம் தனித்தமிழ் இயக்கம். வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். தமிழக மேடைகளில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். இதைப் படித்த நம் ஆசிரியர்களும் தோட்டத் தொழிலாளர்களும் தங்கள் பிள்ளைகளுக்கு இளங்கோ, மதியழகன், தமிழ்ச்செல்வி, மலர்விழி, கயல்விழி என்று பெயர் வைத்தார்கள். வாசக சாலையில் கல்கியின் தொடர்கதைகளைப் படித்தவர்கள் பூங்குழலி, வானதி, அருள்மொழி என்று வைத்தார்கள். படம் பார்த்தவர்கள் சரோஜா, பத்மினி, சாவித்திரி என்று வைத்தார்கள். 1943-இல் நேதாஜி சிங்கப்பூர் வந்து இந்தியத் தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்ற பிறகு, சுபாஷ், சந்திரபோஸ் என்ற பெயர்களும் நம் வீடுகளுக்குள் வந்தன.

முந்தைய தலைமுறைப் பெயர்களோடு ஒப்பிடுங்கள். தவிடன் என்ற பெயர் 'இந்தப் பிள்ளை பிழைத்தால் போதும்' என்கிறது. மதியழகன் என்ற பெயர் 'இந்தப் பிள்ளை தலை நிமிர்ந்து நடக்க வேண்டும்' என்கிறது. இடையில் நாற்பது ஆண்டுகள் இருந்தால் அதிகம். ஒரு சமுதாயத்தின் ஆசை எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது பாருங்கள். சாதி, ஊர், குலதெய்வம் மூன்றையும் காட்டாத பெயர் அது. காட்டுவது மொழியை மட்டும். அன்றைக்கு அது ஒரு துணிச்சல்.

7. எண்ணும் எழுத்தும்

இன்றைய பதிவேட்டுக்கு வருவோம். நட்சத்திர எழுத்து, எண் கணிதம், இணையத் தேடல் மூன்றும் சேர்ந்து பெயரை முடிவு செய்கின்றன. இரண்டு அசையில் முடிய வேண்டும், கடைசியில் 'ஷ்' வர வேண்டும், வகுப்பில் வேறு யாருக்கும் இருக்கக் கூடாது.

மற்றவர்களைச் சொல்வானேன்? என் மகன் பிறந்தது திருவாதிரை நட்சத்திரத்தில். பஞ்சாங்கப்படி அதற்குரிய எழுத்துகள் கு, க, ங, ச. ஐயர் நான்காம் பாதம், மூன்றாம் பாதம் என்று கணக்குப் பார்த்து 'ங' என்று சொல்லிவிட்டார்! மாணவர்களே, மொழிமுதல் எழுத்துகள் பாடம் நினைவிருக்கிறதா? ஙகரத்தில் எந்தப் பெயரைத் தொடங்குவது? வடமொழி ஒலிமுறையைத் தழுவி அமைந்த பட்டியலில் இப்படி நேரும். அசுவினிக்கு உரிய எழுத்துகளில் ஒன்று 'ல'. தொல்காப்பியப்படி லகரமும் மொழிக்கு முதலில் வராது. அதனால்தான் இலட்சுமிக்கு முன்னால் ஓர் இகரம் போட்டு எழுதுகிறோம். கடைசியில் எங்கள் வீட்டில் 'கு'வில் தொடங்கும் தமிழ்ப் பெயர் ஒன்றில் சமாதானமானோம். பிறகு மாமியார் எண் கணிதம் பார்த்து ஆங்கிலத்தில் ஓர் 'ஏ' சேர்க்கச் சொன்னார். பாட்டியின் நான்கு பேருந்துப் பயணத்தைச் சொல்லி மறுத்துவிட்டேன். வீட்டில் ஒரு வாரம் பேச்சுவார்த்தை கொஞ்சம் குறைவுதான்.

இன்றைய பெற்றோரைக் கேலி செய்ய நான் இதை எழுதவில்லை. அவர்களுக்கும் ஒரு பயம் உண்டு, ஓர் ஆசை உண்டு. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பிள்ளையின் பெயர் தடையாகிவிடக் கூடாது, எல்லாருக்கும் உச்சரிக்க வர வேண்டும், அதிர்ஷ்டம் கொஞ்சம் கை கொடுக்க வேண்டும். குப்பையில் போட்டு எடுத்த தாயும், கணினியில் எழுத்துகளைக் கூட்டிப் பார்க்கிற தந்தையும் செய்வது ஒரே காரியம். எதிரே தெரியாத ஆபத்துக்குப் பெயரால் ஒரு வேலி கட்டுகிறார்கள்.

ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. "உன் பெயருக்கு என்ன பொருள்?" என்று கேட்டால் குப்பனால் பதில் சொல்ல முடியும். என் வகுப்பில் பலரால் முடியவில்லை. "கூகுள்ல பார்த்தாங்க டீச்சர்" என்கிறார்கள். மலாக்கா செட்டிகளிடம் மொழி போன பின்னும் பெயர் தங்கியது என்று சொன்னேன் அல்லவா? மொழி இருக்கும்போதே பெயரின் பொருளை நாம் தொலைத்துவிடக் கூடாது என்பதே என் கவலை.

8. வகுப்பறையில் செய்து பார்க்க

ஆசிரியர்களே, படிவம் மூன்று, நான்கு மாணவர்களுக்கு இரண்டு பாடவேளையில் இதைச் செய்யலாம்.

முதலில், மூன்று தலைமுறைப் பெயர் அட்டவணை. தன் பெயர், பெற்றோர் பெயர், தாத்தா பாட்டி பெயர். ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு கட்டங்கள்: பொருள், வைத்தவர் யார், ஏன் வைத்தார், அட்டையில் எப்படி எழுதியிருக்கிறது. வீட்டில் பெரியவர்களைக் கேட்டுத்தான் நிரப்ப வேண்டும்.

அடுத்து, அந்தப் பெயர்களை வகைப்படுத்தச் சொல்லுங்கள். தெய்வம், ஊர், காப்பு, தலைவர், இலக்கியம், திரைப்படம், எண் கணிதம். எந்த வகை எந்தத் தலைமுறையில் அதிகம் என்று கரும்பலகையில் குறித்தால், வரலாறு தானாகத் தெரியும். கிரந்த எழுத்து வரும் பெயர்களைத் தனியே எடுத்து, மொழிமுதல், மொழியிறுதி எழுத்து விதிகளையும் அங்கேயே நடத்திவிடலாம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. தந்தை பெயர் இல்லாத பிள்ளை, தத்துப்பிள்ளை, பெற்றோர் பிரிந்த வீட்டுப் பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்கலாம். அட்டவணையை எல்லார் முன்னும் வாசிக்கக் கட்டாயப்படுத்த வேண்டாம். விரும்பினால் தாத்தா பாட்டிக்குப் பதில் அண்டை வீட்டுப் பெரியவரைக் கேட்கட்டும். சாதிப் பட்டம் தெரிய வந்தால், அதைப் பெருமைக்கோ இழிவுக்கோ உரியதாக ஆக்காமல் வரலாறாக மட்டும் விளக்கிக் கடந்துவிடுங்கள்.

தேர்வு எழுதும் மாணவர்களே, 'பெயர்', 'பண்பாடு', 'அடையாளம்' என்று எந்தத் தலைப்பு வந்தாலும் பொதுவாக நான்கு வரி எழுதி முடித்துவிடாதீர்கள். உங்கள் வீட்டுப் பெயர் ஒன்றை எடுங்கள். காலம், இடம், காரணம் மூன்றையும் சொல்லி விளக்குங்கள். பெயரன் என்ற சொல், உரைகல், கங்காணி முறை, 1948 அடையாள அட்டை, சீர்திருத்தக் காலம் என்று வரிசைப்படுத்தினால் கட்டுரைக்கு முதுகெலும்பு கிடைத்துவிடும்.

அந்த மாணவி என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். அடுத்த ஆண்டும் அவளுக்குப் பரிசு இருந்தது. ஒத்திகைக்கு முன் அவளைக் கூப்பிட்டு, "எப்படி வாசிக்கட்டும்?" என்று கேட்டேன். முதலில் நான் அவளிடம் சொல்ல வேண்டியது வேறு ஒன்று இருந்தது. போன ஆண்டு சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எப்படி இருக்கோ அப்படியே வாசிங்க டீச்சர்" என்றாள். வாசித்தேன். பின்வரிசையில் இரண்டு பேர் அப்போதும் சிரித்தார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மண்டபத்தின் கடைசியில், வேலைச் சட்டையோடு வந்து நின்றுகொண்டிருந்த அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிரித்த அந்த இருவரின் தாத்தா பெயர் என்ன, அதற்கு என்ன காரணம் என்று மறுநாள் வகுப்பில் கேட்டேன். இருவருக்கும் தெரியவில்லை. கேட்டு வரச் சொன்னேன்.

உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் இன்றிரவு வீட்டில் கேளுங்கள். சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.